அல்லிநகரத்து மேனேஜ்மென்ட்

உங்கள் ஆபீஸிலும் இது நடந்திருக்கும். ஏதோ ஒரு சனிக்கிழமை, ஊருக்கு வெளியே ஒரு ரிசார்ட். வாசலில் ‘நாளைய தலைவர்கள்’ என்று பேனர். உள்ளே ஏ.சி. ஹால், வட்ட மேஜைகள், மேஜைக்கு நடுவில் ஒரு கிண்ணத்தில் புதினா மிட்டாய். கோட் போட்ட ஒருவர் வந்து, ‘எல்லோரும் எழுந்து பக்கத்தில் இருப்பவரோடு கை குலுக்குங்கள்’ என்பார். பழைய நியூஸ் பேப்பரைக் கொடுத்துக் கோபுரம் கட்டச் சொல்வார். சாயங்காலம் சர்ட்டிஃபிகேட், குரூப் போட்டோ, பஜ்ஜி, காபி. திங்கட்கிழமை காலையில் போனால் அதே நாற்காலி, அதே எக்ஸெல் ஷீட், ‘என்னைக் கேக்காம ஒரு மெயில்கூட அனுப்பாதீங்க’ என்கிற அதே மேனேஜர்!

இப்போது ஒரு கேள்வி. அந்த ரிசார்ட்டுக்குப் போய்வந்தவர்களில் எத்தனை பேர் நிஜமாகவே தலைவர் ஆனார்கள்? விரலை மடக்கி எண்ணுங்கள். ஒரு கை நிறைந்தால் உங்கள் கம்பெனி பாக்கியசாலி.

இதே கேள்வியைத் தேனியில் ஒரு மனிதரை முன்வைத்துக் கேட்டால் இரண்டு கை விரல்களும் போதாது.

தேனி, 1996-ல் மதுரையிலிருந்து பிரித்து உருவாக்கப்பட்ட மாவட்டம். கம்பம் பள்ளத்தாக்கு என்றால் திராட்சை, நெல், தென்னை. போடி என்றால் ஏலக்காய். மேனேஜ்மென்ட் பாடம் படிக்க யாரும் இங்கே பஸ் ஏறி வருவதில்லை. ஆனால், ஆட்களை உருவாக்குவது என்கிற விஷயத்தில் தமிழ்நாடு பார்த்த பெரிய பட்டறைகளில் ஒன்றை நடத்தியவர் தேனி அல்லிநகரத்துக்காரர். பெயர், பாரதிராஜா.

‘சினிமாவுக்கும் கம்பெனிக்கும் என்ன சம்பந்தம்?’ என்று கேட்காதீர்கள். ஒரு படம் என்பது சில மாதங்களுக்கு மட்டும் உயிரோடு இருக்கிற கம்பெனி. முதலீடு உண்டு, கெடு உண்டு, நூறு பேர் வேலை பார்க்கிறார்கள், ஒருவர் தப்பு செய்தால் எல்லோருக்கும் நஷ்டம். அங்கே ஒரு புதுப் பையன் எப்படி முதலாளி நாற்காலிவரை வருகிறான் என்று பார்த்தால், நம் ஹெச்.ஆர். துறைகள் எங்கே கோட்டைவிடுகின்றன என்பது தெரியும்.

முதலில் அவர் எப்படி வந்தார்?

சுகாதாரத் துறை வேலையை விட்டுவிட்டுச் சென்னைக்கு வந்தவர் பாரதிராஜா. எடுத்தவுடன் டைரக்டர் நாற்காலி கிடைக்கவில்லை. கன்னட இயக்குநர் புட்டண்ணா கனகலிடம் உதவியாளராக வேலை பார்த்தார். அந்தப் புட்டண்ணா யார்? பி.ஆர்.பந்துலுவிடம் உதவியாளராக இருந்தவர். இதே பள்ளத்தாக்கின் பண்ணைப்புரத்திலிருந்து வந்த இளையராஜாவின் கதையும் ஏறக்குறைய இதுதான். தன்ராஜ் மாஸ்டரிடம் பாடம், ஜி.கே.வெங்கடேஷிடம் உதவியாளர் வேலை, அதிலும் நிறைய கன்னடப் படங்கள். 1976-ல் ‘அன்னக்கிளி’, 1977-ல் ‘16 வயதினிலே’. ‘திடீரென்று வந்து தமிழ் சினிமாவைப் புரட்டிப்போட்டார்கள்’ என்று நாம் பேசுகிறோமே, அந்தத் திடீருக்குப் பின்னால் பல வருட எடுபிடி வேலை இருக்கிறது. அடுத்தவர் பட்டறையில், அடுத்தவர் பொருளை வைத்து, தன் பெயர் வெளியே தெரியாமல் பழகிய வருடங்கள் அவை.

இதுவரை புதுசு ஒன்றும் இல்லை. சுவாரஸ்யம், தானே முதலாளி ஆனபிறகு அவர் என்ன செய்தார் என்பதில்தான்.

கோபிசெட்டிபாளையம் பக்கம் வெள்ளாங்கோயிலிலிருந்து வந்த பாக்யராஜ், ‘16 வயதினிலே’யில் உதவி இயக்குநர். அதிலேயே தலை காட்டும் அளவுக்கு ஒரு சின்ன வேஷம். அடுத்த வருடம், 1978-ல் ‘சிகப்பு ரோஜாக்கள்’ படத்துக்கு வசனம் எழுதும் வேலை. 1979-ல் ‘புதிய வார்ப்புக’ளில் அதே உதவியாளரைக் கதாநாயகன் ஆக்கினார் பாரதிராஜா! கண்ணாடி போட்ட, கட்டுமஸ்து இல்லாத ஒரு வாத்தியார். குரல்கூட அவருடையது இல்லை. கங்கை அமரன் கொடுத்தது. அதே வருடம் ‘சுவரில்லாத சித்திரங்கள்’ மூலம் பாக்யராஜ் இயக்குநர் ஆகிவிட்டார்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டே வருடத்தில் உதவியாளர், வசனகர்த்தா, நாயகன், இயக்குநர். உங்கள் கம்பெனியில் இரண்டு வருடத்தில் என்ன நடக்கும்? ‘ப்ரொபேஷன்’ முடிந்து, விசிட்டிங் கார்டு அடித்துக் கொடுப்பார்கள்.

இங்கே கவனிக்கவேண்டியது வேகம் அல்ல, வரிசை. ஒவ்வொரு படியிலும் கையில் கொடுக்கப்பட்டது நிஜமான வேலை. வசனம் சொதப்பினால் படம் சொதப்பும். நாயகன் எடுபடாவிட்டால் இயக்குநரின் பெயர் கெடும். அதாவது, பழகுகிறவன் தப்பு செய்தால் அடி வாங்கப்போவது பழக்குகிறவர். அந்த ரிஸ்க்கை அவர் எடுத்தார். பேப்பர் கோபுரம் சரிந்தால் யாருக்கு என்ன நஷ்டம்? அதனால்தான் அதில் யாரும் எதையும் கற்றுக்கொள்வதில்லை.

இதைவிடப் பெரிய பாடம் மணிவண்ணனின் கதையில் இருக்கிறது. கோவை சூலூர்க்காரர். 1980-ல் வந்த ‘நிழல்க’ளுக்குக் கதை, வசனம் அவர்தான். இன்றைக்கு அந்தப் படத்தின் பாடல்களைக் கொண்டாடுகிறோம். அன்றைக்குப் படம் ஓடவில்லை. தொடர்ந்து வெற்றி கொடுத்துவந்த ஒரு டைரக்டருக்குப் புது ஆள் எழுதிய கதையால் சறுக்கல். நம் ஆபீஸாக இருந்தால் என்ன நடந்திருக்கும்? ஒரு ‘ரிவ்யூ மீட்டிங்’. ‘தம்பி, நீங்க கொஞ்ச நாள் பேக் ஆபீஸ் பாருங்க.’ அவ்வளவுதான், அவன் கதை முடிந்தது. பாரதிராஜா என்ன செய்தார் தெரியுமா? 1981-ல் ‘அலைகள் ஓய்வதில்லை’யையும் அதே மணிவண்ணனிடம் எழுதக் கொடுத்தார். அது எப்படி ஓடியது என்று உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். மறு வருடமே ‘கோபுரங்கள் சாய்வதில்லை’ மூலம் மணிவண்ணன் இயக்குநர்.

முதல் வாய்ப்பு கொடுக்க நிறைய பேர் இருக்கிறார்கள். தோற்றபிறகு இரண்டாவது வாய்ப்பு கொடுக்கிற முதலாளியைத்தான் விளக்கு வைத்துத் தேட வேண்டியிருக்கிறது. ஒருவன் வளர்கிறானா, வாடுகிறானா என்பது பெரும்பாலும் அந்த இரண்டாவது வாய்ப்பில்தான் முடிவாகிறது.

சரி, வளர்ந்தவர்கள் என்ன செய்தார்கள்? இங்கேதான் ஒரு வம்சாவளியே விரிகிறது. மூச்சைப் பிடித்துக்கொள்ளுங்கள். பாரதிராஜாவிடமிருந்து பாக்யராஜ். பாக்யராஜிடமிருந்து பாண்டியராஜன், பார்த்திபன். பார்த்திபனின் ‘புதிய பாதை’யில் (1989) வேலை பார்த்தவர் விக்ரமன். விக்ரமனின் ‘புது வசந்த’த்தில் (1990) வேலை பார்த்தவர் கே.எஸ்.ரவிகுமார். ரவிகுமாரிடம் வேலை பார்த்தவர் சேரன். சேரனிடம் வேலை பார்த்தவர்களில் ஒருவர், 2009-ல் ‘பசங்க’ எடுத்த பாண்டிராஜ். இந்தப் பக்கம் மணிவண்ணனிடமிருந்து ஆர்.கே.செல்வமணி, சுந்தர்.சி, சீமான். விக்ரமன்கூட முதலில் மணிவண்ணனிடம் இருந்தவர்தான். மனோபாலா, கே.ரங்கராஜ் என்று பாரதிராஜாவிடமிருந்தே நேராக வந்தவர்கள் தனிப் பட்டியல்.

இவர்களில் ஒருவர் படம்கூட அல்லிநகரத்துக்காரரின் படம்போல் இருக்காது. பார்த்திபனின் குசும்பு வேறு, விக்ரமனின் குடும்பக் கண்ணீர் வேறு, செல்வமணியின் போலீஸ் கதை வேறு, சுந்தர்.சி-யின் கலாட்டா வேறு. குருவை ஜெராக்ஸ் எடுத்தவர்கள் இல்லை என்பதுதான் அந்தப் பட்டறைக்குக் கிடைத்த சர்ட்டிஃபிகேட். நம் கம்பெனிகளில் பாருங்கள். மேனேஜர் மாதிரியே பேசி, மேனேஜர் மாதிரியே மெயிலில் ‘கைண்ட்லி’ போட்டு, மேனேஜர் சிரித்தால் சிரிக்கிறவர்தான் அடுத்த மேனேஜர். அதற்குப் பெயர் வாரிசு உருவாக்குவதா, நகல் எடுப்பதா?

இன்னொன்று. வளர்ந்தவன் வெளியே போனால் நம் கம்பெனிகளுக்கு வயிறு எரிகிறது. ‘நாங்க ட்ரெயினிங் கொடுத்தோம், போட்டிக் கம்பெனி தூக்கிட்டுப் போயிட்டான்’ என்று புலம்பாத ஹெச்.ஆர். இல்லை. அதற்காகத்தான் பாண்ட் பேப்பர், மூன்று மாத நோட்டீஸ். ஒரிஜினல் சர்ட்டிஃபிகேட்டை வாங்கிப் பீரோவில் பூட்டுகிறவர்களும் உண்டு. பாரதிராஜாவிடமிருந்து போனவர்களோ அதே ஊரில், அதே தியேட்டர்களில், அவருக்கே போட்டியாகப் படம் எடுத்தார்கள். 1983-ல் குருவின் ‘மண் வாசனை’யும் சீடரின் ‘முந்தானை முடிச்சு’ம் சில மாத இடைவெளியில் வந்தன. இரண்டும் ஓடின. அடுத்த வருடம் சீடர் எடுத்த ‘தாவணிக் கனவுக’ளில் குரு வந்து நடித்துக் கொடுத்தார். 1988-ல் ‘கொடி பறக்குது’ எடுத்தபோது, அதற்குள் பெரிய டைரக்டராகிவிட்டிருந்த மணிவண்ணனை வில்லனாக நடிக்கவைத்தார். வெளியே போனவன் எதிரி இல்லை, அடுத்த தெருவில் கடை போட்ட சொந்தக்காரன். அவ்வளவுதான்.

‘இதெல்லாம் சினிமாவுக்குச் சரி, நிஜ கம்பெனியில் நடக்குமா?’ என்பீர்கள். நடந்திருக்கிறது. டி.சி.எஸ்-ஸை எடுத்துக்கொள்ளுங்கள். எஃப்.சி.கோலி அதை வளர்த்தவர். 1972-ல் அங்கே வேலைக்குச் சேர்ந்த எஸ்.ராமதுரை, 1996-ல் தலைமைப் பொறுப்புக்கு வந்தார். நாமக்கல் மாவட்டம் மோகனூரிலிருந்து போன என்.சந்திரசேகரன் 1987-ல் சேர்ந்தார். நடுவில் சில காலம் ராமதுரைக்கே எக்ஸிக்யூட்டிவ் அசிஸ்டென்ட். 2009-ல் தலைமைச் செயல் அதிகாரி, 2017-ல் டாடா சன்ஸ் தலைவர். 2023-ல் அதே டி.சி.எஸ்-ஸின் தலைமைக்கு வந்த கே.கிருத்திவாசனும் 1989-ல் உள்ளே நுழைந்தவர்தான். பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் எப்படி முடிவு எடுக்கிறார் என்று பார்த்துப் பழகுவதற்கு எந்த ரிசார்ட்டும் ஈடாகாது. உதவி இயக்குநர் செய்வதும் அதே வேலைதான். க்ளாப் போர்டு மட்டும் வேறு.

ஹெச்.ஆர்.காரர்களுக்கும் இது தெரியாமல் இல்லை. 70:20:10 என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். 1980-களில் அமெரிக்காவில் மேலாளர்களிடம், ‘நீங்கள் எங்கே கற்றுக்கொண்டீர்கள்?’ என்று விசாரித்ததிலிருந்து வந்தது. நூற்றில் எழுபது பங்கு வேலையில், இருபது பங்கு மற்றவர்களிடமிருந்து, பத்துப் பங்குதான் வகுப்பில் என்பது அதன் சாரம். துல்லியமான தராசுக் கணக்கு இல்லை, குத்துமதிப்புதான். வேடிக்கை என்னவென்றால், இந்தக் கணக்கையே ரிசார்ட்டில் பவர் பாயின்ட் போட்டுச் சொல்லித் தருகிறார்கள்!

இதோடு கட்டுரையை முடித்தால் கைதட்டல் கிடைக்கும். ஆனால், அது பாதி உண்மை.

நான் மேலே அடுக்கிய பெயர்கள் எல்லாம் ஜெயித்தவர்களின் பெயர்கள். ஜெயித்தவர்களை மட்டும் எண்ணினால் லாட்டரிச் சீட்டுகூட நல்ல முதலீடுதான். சாலிகிராமத்திலும் வளசரவாக்கத்திலும் ஒரே அறையில் ஐந்து பேராகத் தங்கி, டீயையும் பன்னையும் வைத்துப் பசியாறி, பேட்டாவுக்குக் காத்திருந்து, நாற்பது வயதில் ஊருக்குத் திரும்பிப் போனவர்கள் எத்தனை பேர்? அவர்களுக்கு டைட்டில் கார்டு கிடையாது. இந்தியாவில் தொழில் பழகுநர் சட்டம் 1961-லேயே வந்துவிட்டது. தொழிற்சாலையில் பழகும் பையனுக்கு உதவித்தொகை உண்டு, இவ்வளவு காலம் என்று கெடு உண்டு. கோடம்பாக்கத்தில் பழகுகிறவனுக்கு இரண்டும் குருவின் மனசைப் பொறுத்தது. மனசு நல்லதாக இருந்தால் மணிவண்ணன் கிடைப்பார். இல்லாவிட்டால், பத்து வருடம் க்ளாப் அடித்த ஒருவர் கிடைப்பார்.

அடுத்த ஓட்டை இன்னும் பெரியது. அந்த வம்சாவளியை இன்னொரு தடவை படியுங்கள். ஒரு பெண் பெயர் இருக்கிறதா? சுதா கொங்கராவும் ‘கண்ட நாள் முதல்’ எடுத்த பிரியாவும் மணிரத்னத்திடமிருந்து வந்தார்கள். ஹலிதா ஷமீம் வேறு பட்டறைகளில் பழகியவர். மயிலையும் பாஞ்சாலியையும் திரையில் மறக்கமுடியாதபடி நிறுத்திய மரபு, கேமராவுக்குப் பின்னால் தன் அடுத்த ஆளாக ஒரு பெண்ணை நிறுத்தியதாக இந்த வரிசை காட்டவில்லை. ராத்திரி முழுக்க லாட்ஜ் ரூமில் கதை டிஸ்கஷன், சம்பளம் இல்லாத வருடங்கள், தெரிந்தவர் மூலமாக மட்டுமே உள்ளே நுழைய வாசல்... இப்படி ஒரு முறையை வைத்துக்கொண்டு, ‘திறமை இருக்கிற யாரும் வரலாம்’ என்று சொல்வதில் என்ன அர்த்தம்?

சினிமாவை மட்டும் குறை சொல்வானேன். அதே தேனி மாவட்டத்தில் போடிக்குப் போங்கள். ஏலக்காயைக் குவித்துவைத்துக்கொண்டு, அளவு பார்த்து, நிறம் பார்த்துத் தரம் பிரிப்பவர்கள் பெண்கள். கையில் எடுத்ததுமே காயின் தரம் சொல்லிவிடுகிற விரல்கள் அவை. போடியில் நறுமணப் பொருள் வாரியத்தின் மின் ஏலம் நடக்கிறது. அங்கே விலை வைக்கிற நாற்காலிக்கு, இந்தத் தரம் பிரிக்கிற இடத்திலிருந்து எழுந்துபோன பெண்கள் எத்தனை பேர் என்று போடிக்காரர்களே கணக்குச் சொல்லட்டும். சரக்கைப் பற்றிய அறிவு ஒருவரிடம், முன்னேறும் ஏணி வேறு ஒருவரிடம். கம்பெனிகளிலும் இதே கதைதான். ‘ஹை பொட்டன்ஷியல்’ பட்டியலில் யார் பெயர் வருகிறது என்று பாருங்கள். சாயங்காலம் ஆறு மணிக்குமேல் மேனேஜரோடு டீ குடிக்க முடிந்தவர்கள் பெயர்தான் முதலில் வரும்.

அதனால் பட்டறை மட்டும் போதாது, அதற்கு வாசலும் வேண்டும். இதைப் புரிந்துகொண்டவர்களும் இருக்கிறார்கள். பாலுமகேந்திராவின் பட்டறையை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே பழகியவர் தேனி மாவட்டத்துக்காரரான பாலா. பாலாவிடமிருந்து அமீர், சசிகுமார். (மேலே சொன்ன பாண்டிராஜின் ‘பசங்க’ படத்தைத் தயாரித்தவர் இந்த சசிகுமார்தான். ஒரு பட்டறையின் பிள்ளைக்கு இன்னொரு பட்டறையின் பிள்ளை முதல் போட்டார்!) அதே பாலுமகேந்திராவிடம் பழகிய வெற்றிமாறன் 2021-ல் ஒரு பயிற்சி நிறுவனம் தொடங்கினார். வசதியில்லாத, குடும்பத்தில் முதல் தலைமுறையாகப் படித்த பிள்ளைகளுக்கு சினிமா கற்றுத்தருவது நோக்கம். குருவின் மனசை நம்பி வாசலில் நின்ற காலத்துக்கு அது ஒரு திருத்தம். பட்டறையின் சூடும் வேண்டும், பள்ளிக்கூடத்தின் வாசலும் வேண்டும்.

இப்போது உங்கள் ஆபீஸுக்கு வருவோம். நீங்கள் மேனேஜராக இருந்தால் மூன்று விஷயங்களைப் பாருங்கள். ஒன்று, இந்த வருடம் உங்களுக்குக் கீழே இருப்பவரிடம், தோற்றால் உங்கள் பெயர் கெடுகிற மாதிரியான வேலை ஒன்றையாவது கொடுத்தீர்களா? இரண்டு, போன வருடம் சொதப்பியவருக்கு மறுபடி ஒரு ‘அலைகள் ஓய்வதில்லை’ கொடுத்தீர்களா, இல்லை மூலையில் உட்காரவைத்தீர்களா? மூன்று, உங்கள் கண்ணுக்கே படாத மேஜையில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள்? ஆறு மணிக்கு பஸ் பிடிக்க ஓடுகிறவர், இங்கிலீஷ் தடுமாறுகிறவர், மீட்டிங்கில் வாயே திறக்காதவர்... அவர்களுக்கான படி எங்கே?

நீங்கள் மேனேஜர் இல்லை, அந்த ‘நாளைய தலைவர்’ என்றால், அடுத்த ரிசார்ட்டுக்குக் கூப்பிடும்போது தாராளமாகப் போய்வாருங்கள். பஜ்ஜி நன்றாகத்தான் இருக்கும். திரும்பி வந்ததும் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். ‘சார், எனக்கு என்ன வேலை தரப்போறீங்க?’

அதற்குப் பதில் வராவிட்டால், வாங்கிய சர்ட்டிஃபிகேட்டில் உங்கள் பெயர் எழுத்துப்பிழை இல்லாமல் இருக்கிறதா என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த கம்பெனியில் காட்டவேண்டியிருக்கும்.